பீச்சாங்கை போட்ட மார்க்கு

நெல் தரகு வாயால் நடக்கிற தொழில் என்று வெளியாள் நினைப்பான். களத்தில் கத்திக் கத்தித் தொண்டை போன என் சக தரகர்களுக்குத் தெரியும், அது கையில் முடிகிற தொழில். விலை படிந்ததும் மூட்டைமேல் நெல்லுக்காரர் பேரையும் நம் பேரையும் நீலச்சாயத்தில் எழுதியாக வேண்டும். அதைத்தான் மார்க்கு என்போம். மார்க்குப் போடுகிறவன் தரகன், மற்றவன் வேடிக்கை பார்க்க வந்தவன். எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் லாரியின் பின்கதவு விழுந்து என் வலது கை விரல்கள் நசுங்கின. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, கடைப் பலகைகளைப் பார்த்தே எழுதக் கற்றவன் நான். எழுத்து போனால் தொழிலும் போச்சு.

ஆஸ்பத்திரிச் சுவர்

பார்க்க வந்தான் கோவிந்தன். அவனும் தரகன்தான். சாத்துக்குடியை வைத்துவிட்டு, "நீ ரெஸ்ட் எட்த்துக்க நைனா, இந்த சீசன் மார்க்க நான் போட்டுக்கறேன்" என்றான். சாத்துக்குடி அவன் பின்னாலேயே வெளியே போனது, நான் எறிந்த வேகத்தில்.

அன்றைக்கே கரித்துண்டு ஒன்றைத் தேடி, கட்டில் பக்கத்துச் சுவரில் இடது கையால் என் பேரை எழுதினேன். நண்டு ஓடின மாதிரி இருந்தது. விடவில்லை, எட்டுகிற வரைக்கும் எழுதினேன். கூட்ட வந்த அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தாள். "சொவுத்த நாஸ்தி பண்ணிக்கினு கீறியே, வூட்டுக்குப் போம்போது சுண்ணாம்பும் நீயே அடிச்சிட்டுப் போ."

டின்னுக்கு விழுந்த உதை

வீட்டில் பழைய கோணிமேல் பழகினேன். இடது கைக்காரர்களுக்கு இந்தப் பேஜார் தெரியும்: எழுத எழுதக் கை பின்னாலேயே வந்து ஈரத்தை அழித்துவிடும். கோணியெல்லாம் மேகம், சட்டையெல்லாம் நீலம். கோபத்தில் சாய டின்னை ஒரு உதை விட்டேன்.

சாயம் படாமல் இருக்க என் சம்சாரம் கோணியை இழுத்தாள், அது குறுக்கே திரும்பிக்கொண்டது. அப்படியே மேலிருந்து கீழாக எழுதிப் பார்த்தேன். கை ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஒரு சொட்டு அழியவில்லை. பெருமையாக அவளைப் பார்த்தேன். தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கோணியத் திருப்பறதுக்கு முன்னால டின்ன ஒதைக்கணும்னு சட்டம் எதுனா கீதா?"

முதல் மூட்டை

அறுப்பு வந்தது. முனுசாமி நாயக்கர் களம். முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று எண்ணாமல் 'லாபம்' என்றே எண்ணுகிற மனுஷர். நான் இடது கையில் சாயக் குச்சியை எடுத்ததும் குறுக்கே வந்துவிட்டார். "இன்னாடா இது, பீச்சாங்கையால எம் பேர எழுதறே? வெளங்குமா?" களமே சிரித்தது. கோவிந்தன் சாயமும் குச்சியுமாகத் தயாராக நின்றான். இங்கே விட்டால் எல்லாக் களத்திலும் விட்டமாதிரிதான்.

"நாயக்கரே, வலது கையில அருவா. கதிர எந்தக் கையில புடிச்சி அறுத்தாங்க?" என்றேன். "மொத்த நெல்லும் பீச்சாங்கையிலதான் களத்துக்கு வந்துது. அது வெளங்குச்சி, எம் மார்க்கு வெளங்காதா?"

நாயக்கர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, எழுதித் தொல. பிள்ளையார் சுழிய மட்டும் நான் போட்டுக்கறேன்."

வாலாஜாபாத் மில்

என் மார்க்கைப் பார்த்தால் மில்லில் குத்தூசி விட்டு நெல்லைச் சோதிக்காமலே இறக்குவார்கள். பீச்சாங்கையால் அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கோவிந்தன் ஈரம் காயாத நெல்லில் என் மார்க்கைப் போட்டு மில்லுக்கு ஏற்றிவிட்டான் என்று லோடுமேன் வந்து சொன்னான். மில் நம்பிவிட்டால் என் பேர் அன்றோடு சரி. பஸ்ஸில் வாலாஜாபாத் வரைக்கும் திட்டத் தோதான வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டே போனேன்.

அந்த மூட்டைகள் கேட்டோரமாக ஒதுங்கிக் கிடந்தன. "இது என் நெல்லு இல்ல" என்று கத்திக்கொண்டே நுழைந்தேன். மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும், உக்காரு. நீ என்னிக்கி இவ்ளோ அழகா எழுதினே?"

அழகான கையெழுத்தை எவனும் பார்த்து எழுதிவிடுவான், கோணல் எழுத்து மட்டும் சொந்தமாகப் பாடுபட்டால்தான் வரும்.