ஐந்தா, எட்டா

என் கணவருக்குத் தன்னைவிடத் தன் படகு அழகாக இருக்க வேண்டும். பெருநாள் நாட்களில் குடும்பங்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் காட்டி வருகிற சின்ன பைபர் படகு அது. பதிவிலக்கத்தை இரண்டு பக்கமும் பெரிதாக எழுத வேண்டும், உள்ளே குறுக்குப் பலகையில் அதையும் எத்தனை தொன் என்பதையும் அழியாதபடி வெட்டிவைக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். இவரும் செய்துதான் வைத்திருந்தார்.

பெருநாள் வந்தால் எங்கள் கரையில் படகுகளுக்கும் புதுச்சட்டை. அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இலக்கத்தின் மேலேயே நீலப் பெயிண்டைப் பூசினார். பலகையையும் விடாமல் அப்பினார். முன்பக்கத்தில் 786 என்று எழுதினார். பிஸ்மில்லாஹ்வுக்கு எங்கள் ஆட்கள் போடுகிற எண் அது. ஆட்டோவிலும் கடையிலும் போடுவோம்.

"நம்பரு எங்க மச்சான்?" என்றேன்.

"அல்லாஹ்ட பேரு இரிக்கி புள்ள. நம்பர மறுகா எழுதுவம், பெருநாள் முடியட்டும்."

செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பெருநாளுக்கு அடுத்த நாள் ஆட்களை இறக்கிவிட்டு, எஞ்சின் இருமுகிறது, ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாகப் போனார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பெருங்காற்று. அவர் திரும்பவில்லை. மீனுக்குப் போன அடுத்த தெருக்காரரும் திரும்பவில்லை.

காலையில் வினாயகபுரத்திலிருந்து தகவல் வந்தது. உடைந்த படகொன்றின் முன்பாதி கரையொதுங்கியிருக்கிறது. நீல நிறம், 786. அந்த அடுத்த தெருக்காரரின் படகும் நீலம்தான், அதிலும் 786தான், அவரும் இலக்கத்தை மூடித்தான் பூசியிருந்தார். ஆண்கள் கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவியும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவள் ஸலவாத்து ஓதினாள். எனக்கு ஓத வரவில்லை, கோபம்தான் வந்தது. இலக்கம் வெளியே இருந்திருந்தால் போனிலேயே தெரிந்திருக்குமே!

கிடந்ததைப் பார்த்தும் எங்களால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சிதைந்திருந்தது.

"பலகையில வெட்டின நம்பர் இருக்கும் தங்கச்சி. சுரண்டிப் பாப்பம்," என்று ஒரு மீனவர் கத்தியை எடுத்தார்.

இரண்டு படகையும் ஒன்றாகத்தான் பதிந்திருந்தார்கள். கடைசி எண் மட்டுமே வேறு. எங்களுடையது ஐந்து, அவளுடையது எட்டு. அது எட்டாக இருக்க வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டேன். பக்கத்தில் நின்றவள் என்ன கேட்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மீனவர் கீழிருந்து சுரண்டினார். முதலில் வயிற்று வளைவு வந்தது. ஐந்துக்கும் அதே வயிறு, எட்டுக்கும் அதே வயிறு. பெயிண்ட் தடிப்பு, கத்தி நின்று நின்று ஏறியது. உச்சியில் ஒரு நேர்கோடு தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் அவள். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் என் கணவரின் உடல், ஜனாஸாவாகக் கரைக்கு வந்தது. அவளுடைய கணவரை வேறொரு படகு காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருந்தபோது ஊரே வந்து பார்த்தது. அவள் மட்டும் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து சோறு மட்டும் தவறாமல் வந்தது. பொறுக்க முடியாமல் நானே போன் எடுத்தேன்.

"சோறு போதும் புள்ள. நீ வா."

"என்ன முகத்தோட வாற ராத்தா?" அழுதாள்.

"எட்டு வந்திருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பன்," என்றேன்.