இந்த மாதத்துப் பண்பு

"பெல்ட் எங்க? டை எங்க? பண்பு எங்க?"

வேன் கதவு திறந்ததும் பியூலா மிஸ் கேட்கும் கேள்விகள் இவை. முதல் இரண்டுக்குப் பிள்ளைகள் தொட்டுக் காட்டுவார்கள். மூன்றாவதற்கு வாயைத் திறக்க வேண்டும். "துணிவு, மிஸ்" என்று சொன்னால் உள்ளே போகலாம். மறந்துபோனவன் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று, ஞாபகம் உள்ளவனிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும். சோழபுரம் வேன், தளவாய்புரம் வேன், சுந்தரபாண்டியம் வேன் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்க, கிளம்புகிற புழுதிக்குள் துணிவு, துணிவு என்று ஒரே இரைச்சலாக இருக்கும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளிக்குப் பண்புகள் மாதவாரியாக வருகின்றன. ஜூனில் நேர்மை, ஜூலையில் துணிவு, ஆகஸ்டில் தேசப்பற்று. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு என்பதால் பண்பு கிடையாது. தாளாளர் காசிராஜன் கோயம்புத்தூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து செய்த ஏற்பாடு. அவருக்கு நூல் மில்லும் உண்டு. "குவாலிட்டின்னா நூலுக்கும் ஒண்ணுதான், பிள்ளைக்கும் ஒண்ணுதான்" என்பார். பண்புக் கல்வி என்று வாரத்துக்கு ஒரு பிரிவேளை ஒதுக்கி, அதுவரை தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பியூலா மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டார்.

மிஸ் ஆள் குட்டை. குரல் மட்டும் மாடி வரைக்கும் கேட்கும். யாராவது ஊக்கு கேட்டால் தன் தோளில் குத்தியிருப்பதையே கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று முழுவதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். தாளாளரிடம் அவர் பேசுவது இரண்டே வாக்கியம்: "சரிங்க சார். செஞ்சிருவோம் சார்." தாளாளர் சொல்லி முடிக்கும் முன்பே முதல் வாக்கியம் வந்து நிற்கும். ஆசிரியர் அறையில் யாராவது சீண்டினால், "எதுத்துப் பேசி என்ன ஆகப்போவுது? நமக்குப் பண்பு முக்கியம்லா" என்பார்.

ஒரு ஜூலையில் ராம்கி என்ற ஆறாம் வகுப்புப் பையன் காப்பியடித்து மாட்டிக்கொண்டான். "ஏலே, நேர்மை நேர்மைன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே?" என்று கேட்டார் மிஸ்.

"அது போன மாசம் மிஸ்" என்றான்.

மிஸ் அன்று வீட்டில் கணவர் சாம்சனிடம் இதைச் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். பள்ளிக்கூடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இந்த ஜூலையில் துணிவே வினையாகிப்போனது. பெற்றோர் தின விழாவில் பேச, சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாரிச்செல்வியைத் தேர்ந்தெடுத்திருந்தார் மிஸ். பேச்சை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். மாரிச்செல்வி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். கைதட்டல் முடிந்த பிறகும் இறங்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். கிளாஸ் நடக்கும்போது பொம்பளப் பிள்ளைக கக்கூஸ ஏன் பூட்டி வைக்கீக? அடக்கிக்கிட்டு இருக்க முடியாம நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல."

பாட நேரம் வீணாகக் கூடாது என்று, இடைவேளைக்கு மட்டும் கழிவறையைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். அதற்கு நேர மேலாண்மை என்று பெயர். அது நவம்பர் மாதத்துப் பண்பு.

மறுநாள் தாளாளர் அறையில் மிஸ் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது?" என்றார் காசிராஜன்.

"துணிவு... நம்மதான் சார்."

"துணிவுன்னா பாம்பக் கண்டு பயப்படாம இருக்கது. நம்மளக் கண்டு பயப்படாம இருக்கதா? திங்கக்கிழம அசெம்பிளில மைக்குல மன்னிப்புக் கேக்கட்டும். இல்லன்னா டி.சி.ய வாங்கிட்டுப் போகட்டும். பண்பையும் மாத்திருங்க. இந்த மாசம் கீழ்ப்படிதல்."

"மாசம் இன்னும் பாதிகூட ஆகலையே சார்" என்றார் மிஸ். இத்தனை வருஷத்தில் தாளாளரிடம் அவர் பேசிய எதிர்ப்பேச்சு அவ்வளவுதான். பிறகு, "செஞ்சிருவோம் சார்."

மாரிச்செல்வியை வராந்தாவில் பிடித்தார். "ஏட்டி, நான் எழுதிக் குடுத்ததுல அது இல்லையே?"

"இல்ல மிஸ். ஆனா துணிவுள்ளவர் தனக்காக மட்டும் பேச மாட்டார்னு கடைசியில எழுதியிருந்தீகளே."

"அது சும்மா முடிக்கதுக்கு எழுதுனதுட்டி."

அவள் அவரையே பார்த்தாள். "ரெண்டே வரியில மன்னிப்பு. சொல்லிட்டு எறங்கிரு, என்ன?" என்றார் மிஸ். தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்பை மேற்பார்க்கப் போனவர், தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார். பையன்கள் பக்கம் எல்லாம் காலி. பெண்பிள்ளைகள் பக்கம் எல்லாம் கழுத்துவரை நிறைந்து, காலையில் வீட்டில் ஊற்றிக் கொடுத்தபடியே இருந்தன. மிஸ் அந்தப் பிரிவேளை முழுவதும் உட்காரவே இல்லை.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்து, மாரிச்செல்வி மைக் முன்னால் வந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் பியூலா மிஸ். அதைப் போடுவதும் அணைப்பதும் அவர் பொறுப்பு.

"எல்லார் முன்னாடியும் கேட்டதுக்கு மன்னிச்சிருங்க சார்." தாளாளர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "ஆனா இப்பவும் பூட்டித்தான் சார் இருக்கு. போன வாரம் எங்க கிளாஸ்ல ஒரு பிள்ள..."

தாளாளர் சட்டென்று மிஸ் பக்கம் திரும்பி, அணைத்துவிடச் சொல்லிக் கையை வெட்டிக் காட்டினார். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மிஸ் அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சோடு கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஜெபம் செய்கிறவரைப் போலக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.