பல்பு மங்கினால் ஒரு குரல்

எண்பதுகளில் ஜவ்வாது மலை மேல், நட்சத்திரம் பார்க்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டீ போடும் வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. செங்கத்தில் பார்த்த டி.வி. மாதிரியே இருந்ததால், படம் போடுவார்கள் என்று துடைத்த தரையையே நாலு நாள் துடைத்துக்கொண்டு நின்றேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துதான் வந்தது. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை.

அதில் புரோகிராம் எழுத கலசப்பாக்கம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பெரிய தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று கணக்குப் போடும் புரோகிராம். அவள் ஒரு வரி அடிப்பாள், மிஷின் ஒரு வரி பதில் சொல்லும். கேட்டதற்கு ஒழுங்கான பதில். பத்து வருடக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் பெறாதது.

மலையில் கரண்ட் சொல்லாமல் போகும். போனால் அதுவரை அடித்ததெல்லாம் போச்சு. அவள் அறையில் ஸ்டெபிலைசர் இருந்ததால் விளக்கு மங்காது, திடீரென்று அணையும். என் சமையலறை பல்பு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே பூசணிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். அதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"அக்கா, பல்பு மங்குனா ஒரு குரல் குடு" என்றாள்.

குரல் கேட்டதும் 'சேவ்' என்று இங்கிலீஷில் நாலு எழுத்தைத் தட்டி எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிடுவாள். கீழே பார்க்காமலே விரல்கள் பறக்கும் அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கும் ஆசையில், பல்பு பளிச்சென்று எரியும்போதே இரண்டு தடவை கத்திவிட்டு ஓடிப்போய்க் கதவோரம் நின்றேன்.

"இன்னாக்கா, கரண்ட் போவலியே?"

"கெளம்புச்சி தாயி. வழியில மனசு மாறிடுச்சி போல."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். பின்னால் வந்த இன்னொரு கம்ப்யூட்டரில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்தான், "இந்தக்காவுக்கு இதே பொழப்பு மேடம், கண்டுக்காதீங்க" என்றார்.

ஒரு நாள் காலையிலிருந்து அவள் டீகூடக் குடிக்கவில்லை. மறுநாள் பெரிய அதிகாரி முன்னால் புரோகிராம் ஓடவேண்டும். ஓடாவிட்டால் அவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவதாகப் பேச்சு. மத்தியானம் பல்பு மங்கியது. கதவோரம் ஓடினேன். இனி என்னை யார் நம்புவார்கள்?

"தாயி, மங்குது. இந்த வாட்டி நெசம்."

"போன வாட்டியும் நெசம்னுதான் சொன்னீங்க" என்று சிரித்தபடி பக்கத்து மிஷின்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் விரல்கள் பறந்தன. அடுத்த மூச்சில் இரண்டு திரையும் கறுத்தன.

அவருடைய அரைநாள் வேலை போய்விட்டது. அவளுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. மறுநாள் அதிகாரி பார்க்க, அவள் சொன்ன பக்கம் அவ்வளவு பெரிய தொலைநோக்கி அடக்கமாகத் திரும்பியது.

டீ கொடுக்கும்போது கேட்டேன், "ரெண்டு வாட்டி ஏமாத்தியும் என்னெ எப்பிடி நம்புனே?"

"நான் எங்க நம்புனேன்? நாலு எழுத்து தட்ட நம்பிக்கை எதுக்குக்கா? பொய்யின்னா சிரிச்சிட்டுப் போறேன். நெசமா இருந்தா என் வேலை பொழைக்கும்."

நம்பினேன் என்று சொல்லியிருந்தால் மனசு குளிர்ந்திருக்கும். அவளோ உண்மையைச் சொல்லிவிட்டு, டீ நன்றாக இருக்கிறது என்றாள்.

கேலிப் பேச்சை நான் விடவில்லை. ஆனால் இன்றும் எங்கள் தெருவின் பெரிய புளுகி "மழை வருது" என்றால், நான் வானத்தைப் பார்ப்பதில்லை. காயப்போட்ட புளியை முதலில் உள்ளே அள்ளி வைத்துவிட்டு, அப்புறம்தான் அவளைத் திட்டுகிறேன்.