வெட்டவிடாத தேயிலை

தேயிலை செடியில்லை, மரம். விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். நாங்கள்தான் விடுவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் கொழுந்து பறித்த மலைகளில் ஒரு செடிகூட என் இடுப்பைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தால் கங்காணியிடம் ஏச்சு வாங்குவது நானாகத்தான் இருந்திருக்கும். மட்டக்கம்பைச் செடியின்மேல் படுக்கப்போட்டு, அதற்கு மேலே தலை நீட்டுவதையெல்லாம் கிள்ளிக் கிள்ளியே என் வயசு போனது. அதனால் தோட்டத்தில் என் பேரை வெட்டி, நான் கூடையை இறக்கி வைத்த அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். என் வீட்டுப் பக்கத்தில் எது முளைத்தாலும் அது தன் இஷ்டத்துக்கு வளரட்டும். யாரும் அதன் தலையில் கை வைக்கக்கூடாது.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், ஒட்டி ஒட்டி அறைகளாகக் கட்டிய ஒரு லயத்தின் கடைசிக் காம்பரா. கடைசிக் காம்பராவுக்கு மழையும் காற்றும் கூடுதல். ஆனால் பக்கச் சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலமும் கிடைக்கும். நிலத்தின் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான். கானைத் தாண்டினால் தேயிலை மலை. இப்படி ஒரு துண்டு கிடைத்தவர்கள் லீக்ஸ் போடுவார்கள், கரட் போடுவார்கள். நானும் இரண்டு பாத்தி போஞ்சி போட்டேன். மிச்ச இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். செம்பருத்தி ஒரு பக்கம் போனது, டேலியா ஒரு பக்கம் சாய்ந்தது, பேர் தெரியாத கொடிகள் எல்லாவற்றின்மேலும் ஏறிக்கொண்டன.

அந்த நிலத்தில், கானுக்கு எங்கள் பக்கம், ஒற்றைத் தேயிலை ஒன்று நின்றது. எப்போதோ கான் வெட்டியபோது வரிசையிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தோட்டத்துச் சொத்துதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கானைத் தாண்டி வந்து அந்த ஒன்றைப் பறிக்க யாருக்கும் பொறுமையில்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை செடிகளைத் தாழ வெட்டுகிற கவ்வாத்துக்குப் போன தடவை வந்தவர்களும் அதை மறந்து போய்விட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய நேரம் அது கூரைத் தகரத்தை எட்டிவிட்டது.

வேலை செய்த காலத்தில் தேயிலைப் பூ என்றாலே எனக்கு எரிச்சல். பூத்தால் கொழுந்து குறையும். இப்போது அதே பூவை நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தூள், கிட்டப் போனால்தான் தெரிகிற மணம். தேன்சிட்டு ஒன்று அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகக் குடைந்துகொண்டிருக்கும். கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பச்சைக் குருவிகள் கூட்டமாக வந்து, இலைக்கு இலை தொங்கி, பூச்சி தின்றுவிட்டுக் கூட்டமாகப் போகும். மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று செம்பருத்தியில் குடியிருந்தது. அது தோட்டத்து மனேஜர் மாதிரி அசையாமல் நின்று எல்லாரையும் முறைப்பதால் என் வீட்டுக்காரர் அதற்குப் 'பெரிய தொரை' என்று பேர் வைத்தார். வேலைக்குப் போகும்போது அதற்கு ஒரு சலாமும் போட்டுவிட்டுத்தான் போவார்.

காலையில் நான் வாசற்படியில் உட்காருவேன். அதே நேரம்தான் மற்றவர்கள் பெரட்டுக்கு ஓடுவார்கள், பேர் கொடுத்து வேலை பிரித்துக்கொள்ள. ஓடுகிற ஓட்டத்திலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். பனி விலகுமுன்னே குளிரில் கால் விறைக்க ஓடியவள்தானே நானும். குருவி பார்க்க ஒரு நாளாவது யாராவது எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

லயத்தில் எல்லாருக்கும் அந்த இடத்தைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. பாம்பு வரும் என்றார்கள். வரும்தான், வந்தது, தவளையைப் பிடித்துக்கொண்டு போனது. அட்டை ஏறும் என்றார்கள். மலையில் ஏறாத அட்டையா என் வீட்டில் புதிதாக ஏறப்போகிறது? காட்டுப்பன்றி வந்து போஞ்சிப் பாத்தியைக் கிண்டிவிட்டுப் போன அன்று மட்டும் நானே மலையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அதற்குப் பக்கத்துக் காம்பராவில் சிரித்தார்கள்.

நடுவில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண்கள்தான் என் வீட்டுக்காரருக்குச் சோறு கொடுத்தார்கள். நான் திரும்பி வரும்போது வீடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக என் துண்டு நிலத்திலும் இறங்கியிருக்கிறார்கள். நான் வந்து பார்த்தால் செம்பருத்தி, டேலியா, கொய்யாக் கன்று, கொடி, வேலி எல்லாம் ஒரே உயரம். என் இடுப்பு உயரம். மேலே ஒரு தட்டை வைத்தால் ஆடாமல் நிற்கும். மட்டக்கம்பு வைத்துப் பார்த்ததாக ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்.

முதலில் சிரித்துவிட்டேன், பிறகு அழுகை வந்துவிட்டது. உடம்பு பலவீனத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்களை எப்படி ஏசுவது? அந்தக் கைகளுக்குச் செடி என்றால் அவ்வளவுதான் உயரம். என் கைக்கும் அப்படித்தான் இருந்தது. ஓணான் பெரிய தொரை போன இடம் தெரியவில்லை. தேயிலை மரம் மட்டும் தப்பியிருந்தது. அது அவர்களுக்கு எட்டாத உயரம், தேயிலையில் கத்தி வைப்பது ஆம்பிளைகள் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

செம்பருத்தி மறுபடி கிளைவிட்டது. கொண்டைக்குருவி ஜோடி ஒன்று அதில் இடம் பார்த்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் தேயிலை மரத்துக்குப் போய் உச்சிக்குக் கொஞ்சம் கீழே கூடு கட்டியது. குஞ்சு பொரித்து அவற்றின் வாய் கூட்டுக்கு மேலே தெரிய ஆரம்பித்த வாரம், கானுக்கு அந்தப் பக்க மலைக்குக் கவ்வாத்து முறை வந்தது.

என் வீட்டுக்காரர் இன்னமும் கவ்வாத்துக்காரர். மலையைப் பிரித்தபோது எங்கள் வீட்டோர நிரை அவருக்கு விழுந்தது. முதல் நாள் பின்னேரம் கங்காணி வந்தான். என் மகள் வயதுப் பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சின்னத் தொரை ரோட்டிலிருந்து மரத்தைப் பார்த்துவிட்டாராம். தோட்டத்துத் தேயிலை கூரைக்கு மேலே நிற்பது என்ன கேலிக்கூத்து என்று கேட்டாராம். நாளைக்கு அதையும் சேர்த்து வெட்டவேண்டும், வெட்டாவிட்டால் அண்ணனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது என்றான். கூட்டைக் காட்டினேன். பாவம்தான் அக்கா என்றான். பாவம் என்று சொல்லிவிட்டு வெட்டுவது இந்தத் தோட்டத்தில் எனக்குப் புதிதில்லை என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

வீட்டுக்காரரிடம், நீங்கள் கத்தி வைத்தால் நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, பார்ப்போம் என்றார். அந்த மனுஷன் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாராம்.

மறுநாள் மலையின் முதல் செடிக்கு வழக்கம்போல சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். கத்திச் சத்தம் நிரை நிரையாக எங்கள் வீட்டை நோக்கி வந்தது. நான் மரத்தடியில் போய் நின்றேன். கங்காணியும் வந்து நின்றான். பின்னால் மற்றக் கவ்வாத்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கவ்வாத்தில் ஒரு முறை உண்டு. எங்கள் தோட்டத்தில் செடியை மொட்டையாக வெட்டமாட்டார்கள். அது மூச்சு விடுவதற்கு இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"தம்பி, செடிக்குச் செடி ஒரு கெளைய விட்டுத்தானே வெட்டுறீங்க, மூச்சு விடட்டும்னு. இந்த லயத்துக்கு இது ஒண்ண விடுங்க."

அவன் பதில் சொல்லுமுன் என் வீட்டுக்காரர் கானைத் தாண்டி வந்தார். என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் என்று நினைத்தேன். அவர் மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து மேலே பார்த்தார். பிறகு வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கிளையாக, முழங்கால் உயரத்தில், சாய்வாக, முறை பிசகாமல் வெட்டினார். பூவும் இலையும் என் காலடியில் விழுந்தன. கொண்டைக்குருவிகள் கூரையில் நின்று கத்தின. கடைசியில் ஒரே ஒரு கிளை மிஞ்சியது. அடிமரம் மாதிரி தடித்தது, நேராகக் கூரைக்கு மேலே போவது, கூடு இருப்பது. அதைத் தொடாமல் கத்தியைத் துடைத்தார்.

"ஒரு கெளை விட்டிருக்கு. சொன்ன முறைக்குத்தான் வெட்டியிருக்கேன்."

விடுகிற கிளை இவ்வளவு பெரிதாகவா இருக்கும் என்று கங்காணி கேட்டான். எவ்வளவு பெரிது என்று யாரும் அளவு சொல்லவில்லையே என்றார் இவர். பின்னால் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கங்காணி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். துளிர் வந்ததும் விட்ட கிளையையும் எடுத்துவிடுவதுதான் முறை, அன்றைக்கு நானே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முறை அதுதான். எங்களுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டதே என்ற கோபம். முழுசாக நிற்கவேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் முழுசாகப் போயிருக்கும் என்றார் அவர். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

குஞ்சுகள் இறக்கை முளைத்துப் போய்விட்டன. கங்காணி ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது, கூடு காலிதானே அக்கா, இனி என்ன என்று கேட்டான். கூட்டுக்காக மட்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். எனக்காகத்தான் அது நிற்கிறது. என் வாழ்நாளில் ஒரு தேயிலையாவது அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கட்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு மலை முழுக்கத் துளிர் கிளம்பியது. எங்கள் மரத்தின் வெட்டுவாயிலும் சிவப்பாக ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. துளிர்த்துவிட்டால் கிளை போய்விடும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து கிள்ளினேன்.

மறுநாளும் கிள்ளினேன். அடியில் எங்கே துளிர் தலை காட்டினாலும், கங்காணி எழுந்து வருமுன் என் கை அங்கே இருக்கும். மேலே ஒரு இலையையும் தொடமாட்டேன். கிள்ளுவதில் என் கைவேகத்துக்கு இந்த மலையில் யாரும் ஈடில்லை, அதைத் தோட்டமே பழக்கிக் கொடுத்தது. கங்காணி வந்தான், குந்தி உட்கார்ந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்தான். மற்றச் செடியெல்லாம் துளிர்த்துவிட்டதே என்றான்.

"வயசான செடி தம்பி. மெதுவாத்தான் வரும்."

துளிர் வராமல் கிளையை எடுத்தால் செடி செத்துப்போகும், செத்தால் அவன் பதில் சொல்லவேண்டும். எழுந்தவன் கண் என் விரல் நுனிக்குப் போனது. வேலையை விட்டபின் வெளுத்திருந்த விரல்களில் கொழுந்துக் கறை மறுபடி ஏறியிருந்தது. கொழுந்து பறிப்பவள் பெற்ற பிள்ளைக்கு அந்தக் கறை தெரியாமல் போகுமா? அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிள்ளிய துளிரை நான் எறிவதில்லை. உள்ளங்கையில் கசக்கி, அடுப்பில் சட்டி காயவைத்து வறுத்து, வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறேன். இத்தனை வருஷம் பறித்ததில் எனக்கென்று நான் பறித்துக் குடிப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கசக்கிறது, பரவாயில்லை. தோட்டத்துக் கொழுந்தை வீட்டுக்குள் கொண்டுபோனால் திருட்டு என்று சட்டம் இருக்கிறது. பிடிக்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். தேன்சிட்டு பூவுக்கு வருகிற நேரம் நான் அந்தக் கோப்பையோடு வாசற்படியில்தான் உட்கார்ந்திருப்பேன்.