படித்துக்கொண்டு வந்த கிரேன்காரர்

நாத்தனாருக்கு ஒரே குறை. தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், கதவில் பெயர்ப்பலகைகூட இருக்கிறது, ஆனால் தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர வக்கில்லை.

"ஊசியும் போட மாட்டேங்கிற, மாத்திரையும் எழுத மாட்டேங்கிற. அப்ப அங்க என்னதான்டி பண்ற?"

"அளக்கிறேன் அண்ணி."

"எதை?"

"மனசை."

"துணிக்கடையிலயா வேலை பாக்குற?"

"கிட்டத்தட்ட. அளந்துட்டுத் தைக்கிறதும் நான்தான்."

அந்தத் தம்பி பெண்டாட்டி மருத்துவ உளவியலாளர். தாழ்வாரத்தின் முதல் அறையில் மனநல மருத்துவர். மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதும் பேனா அவருடையது. கடைசி அறையில் ஆலோசகர். புருஷன் பெண்டாட்டி சண்டை, பரீட்சை பயம் என்று வாழ்க்கையில் கால் இடறியவர்கள் அங்கே போய்ப் பேசித் தெளிவார்கள். சமூகப் பணியாளருக்கு நாற்காலி சூடாகவே ஆகாது. பாதி நாள் நோயாளியின் வீட்டில், மீதி நாள் அவர் வேலை பார்க்கும் இடத்தில். நடு அறைதான் இவருடையது. சோதனை வைத்துக் கோளாறு இன்னதென்று கண்டுபிடிப்பதும், பிறகு வாரக்கணக்கில் பேச்சாலேயே சிகிச்சை செய்வதும் இங்கே. மற்றவர்கள் வேலையைச் செய்தால் போதும். இவர் மட்டும் எட்டு வருஷம் படித்த வேலையைச் செய்துகொண்டே அது என்ன வேலை என்றும் விளக்க வேண்டும்.

அந்த அறைக்குத்தான் கிரேன்காரர் வந்தார். இரும்புக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர். அண்ணன் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் இரண்டு டன் கம்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம். மறதி நோயாக இருந்தால் வேலை போய்விடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "மறதி நோயோன்னு ஒரு சந்தேகம். நீங்க அளந்து சொல்லுங்க" என்று மனநல மருத்துவர் அனுப்பியிருந்தார்.

முதல் நாள் மனைவி இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்றார். மனைவி டியூஷன் டீச்சர். மூலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். பதினைந்து சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னபோது கிரேன்காரர் மூன்று சொன்னார். மீதிக்கெல்லாம் "தெரியல மேடம்." அன்று அவர் மிகவும் களைத்திருந்ததால் உளவியலாளர் பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

வந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. "இப்ப நான் சில வார்த்தை வாசிப்பேன்..." என்று இவர் ஆரம்பிப்பதற்குள், "குடை, ஏணி, தக்காளி, ரயில், சீப்பு..." என்று பதினைந்தையும் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

உளவியலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோதனை பாழ்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"வீட்ல. அன்னிக்குக் கேட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணிட்டா. நேத்து காலையில என்னை உட்கார வச்சு நாலு தடவை ஒப்பிக்க வச்சா. ரயிலுக்கு அப்புறம் சீப்பை விட்டேன்னு கிள்ளிட்டா மேடம்."

கோபம் பாதியில் நின்றது. நாலே தடவையில் பதினைந்து சொல், ஒரு நாள் தாண்டியும் தங்கியிருக்கிறது. எங்கே தப்பு விட்டார், எப்போது கிள்ளு வாங்கினார் என்பதுகூட நினைவிருக்கிறது. மறதி நோய்க்காரர் இப்படிக் காப்பியடிக்க முடியாது!

வேறு பட்டியலை எடுத்தார். மனைவியை வெளியே உட்காரச் சொன்னார். பதினைந்தில் பதினொன்று சொன்னார். அரைமணி நேரம் கழித்துக் கேட்டால் பத்து. அண்ணனைப் பற்றிக் கேட்டதும் அந்த ஆறடி மனிதர் அழ ஆரம்பித்தார்.

உளவியலாளர் சோதனைத் தாளோடு முதல் அறைக்குப் போனார். "மறதி நோய் இல்ல சார். மனச்சோர்வு. அன்னிக்கு 'தெரியல'ன்னது நினைவில்லாம இல்ல, யோசிக்கத் தெம்பில்லாம."

மனநல மருத்துவர் தாளை இரண்டு முறை புரட்டினார். "நான் வேற பக்கம் போயிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு, சோர்வுக்கு மாத்திரை எழுதினார். உளவியலாளர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசினார். சமூகப் பணியாளர் கிடங்குக்குப் போய், கிரேன்காரர் தேறும்வரை அவருக்குத் தரையில் ஒரு வேலை வாங்கினார்.

நாலு மாதம் கழித்து உளவியலாளர் திரும்ப அளந்து, கிரேனில் மேலே ஏறலாம் என்று அறிக்கை எழுதினார். கிடங்கு மேலாளர் போன் செய்தார். "நிஜ டாக்டர் கையெழுத்து வேணுமே?"

பக்கத்தில் நின்ற மனநல மருத்துவர் போனை வாங்கினார். "மருந்து பத்தின கையெழுத்து என்னோடது, போட்டுட்டேன். ஞாபகம் எவ்வளவு இருக்குன்னு அளக்க எனக்குத் தெரியாது சார். அதுக்கு அவங்க கையெழுத்துதான் கையெழுத்து."

உளவியலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் நிற்க முடியாது.

அறிக்கை வாங்கக் கிரேன்காரரும் மனைவியும் வந்தார்கள். டியூஷன் டீச்சர் நாலு பக்கத்தையும் புரட்டித் தேடினார்.

"மார்க் எங்க மேடம்?"

"இதுல மார்க்கெல்லாம் கிடையாதும்மா."

"பாஸா, ஃபெயிலா? அதையாவது சொல்லுங்க."

அந்தத் தொழிலில் சொல்லவே கூடாத வார்த்தைகள் அவை. உளவியலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"பாஸ்" என்றார்.