பூச்சுக்கடியில் திருநீறு

என் இழுப்பறையில் ஒரு பழைய பிலிம் டப்பா இருக்கிறது. உள்ளே நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு படிகத் துண்டு. அதன் ஓரம் ஒரு கண்ணாடி என்று சொன்னால் அண்ணன் மகள் சிரிக்கிறாள். "முகமே தெரியலையே, சித்தப்பா." முகம் பார்க்கச் செய்த கண்ணாடி இல்லையே அது.

எண்பதுகளின் இறுதியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், பாட்டுத் தட்டைப் படிக்கும் லேசர் செய்கிற தொழிற்சாலையில் இருந்தேன். லேசருக்குள் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய்ப் போய் வரவேண்டும். அந்தக் கண்ணாடிகளை யாரும் தேய்த்துச் செய்வதில்லை. படிகத் தகட்டின் ஓரத்தில் வைர முனையால் சின்னதாகக் கீறி மெல்ல அழுத்தினால், தானே பிளக்கும். பிளந்த முகம்தான் கண்ணாடி. அந்த வழவழப்பு எந்த மெருகிலும் வராது. பிளப்பவள் எங்கள் லைன் லீடர், கடலுக்கு அக்கரையிலிருக்கும் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்காரி. அவள் பிளந்ததை நுண்ணோக்கியில் பார்த்துத் தேறியதா என்று சொல்வது என் வேலை. தொப்பி, முகமூடி, அங்கி எல்லாம் போக நான் கண்டது இரண்டு கண்களைத்தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது, என்ன செய்ய. "நல்லா இருக்கா?" என்பாள். "இருக்கு லா" என்பேன். எங்கள் மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

தூசு ஆகாத அந்த அறைக்குள் பவுடர் கூடாது, பூ கூடாது. தைப்பூசத்துக்கு மறுநாள் அவள் பிளந்ததெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. அதற்குள் பாதுகாப்புப் பூச்சும் போட்டாகிவிட்டது. தூசு அடியில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் காற்று வடிகட்டியைக் கழற்றச் சொல்லிக் குதித்தார். லீடர் எழுந்து, அங்கிக்குள்ளிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தாள். தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு. ஓரம் கிழிந்திருந்தது.

"என்னோடதுதான் சார். மெஷின் மேல தப்பு இல்ல."

அன்றே அவளை வேறு ஷிப்டுக்கு, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கேன்டீனில் முதன்முறையாக முழு முகத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மூக்கின் மேல் முகமூடியின் தடம். மடிப்பை என் பக்கம் தள்ளினாள்.

"உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். வெளியில குடுத்தா நாலு பேரு பேசுவாங்கன்னு உள்ள எடுத்துட்டு வந்தேன். பாருங்க என் புத்திய."

பூசிக்கொண்டேன். அண்ணனை விட்டு முறையாகப் பெண் கேட்கலாம், அவசரம் என்ன என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அவள் பஸ் வரும்போது என் பஸ் கிளம்பியது. சன்னல் வழியாகக் கையசைப்போம். அதையே நம்பிக்கொண்டு வாரங்களை ஓட்டினேன்.

பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு ஊர் ஈப்போ.

"அன்னைக்கு மலையில, இந்தச் சம்பந்தம் வேணாம்னுதான் கேட்டேன்" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "சாமிகிட்ட கேட்டதுக்கு உங்ககிட்ட கேட்டிருக்கலாம்."

தைப்பூச மறுநாள் கழித்துப் போட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றும் அவளைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. பார்த்து என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

நேற்று அண்ணன் மகள் என் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"அழுக்கா இருக்கே, சித்தப்பா. தொடச்சிடட்டுமா?"

"வராதும்மா" என்றேன். "பூச்சுக்கு அடியில இருக்கு."