அருணகிரியைத் தூங்கவிடாத நிலா

ஆரணியில் பட்டு நெய்யும் அருணகிரிக்குப் பௌர்ணமி வந்தால் ராத்திரி தூக்கம் போய்விடுமாம், மறுநாள் வேலை செய்கிற மூடும் போய்விடுமாம். தறிப்பக்கம் தலைவைக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் தெருவே அதிரக் கத்துவார். கடலையே பொங்கவைக்கிற நிலா ஒரு மனுஷனைச் சும்மா விடுமா என்று பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கம் வேறு.

இந்தப் பௌர்ணமிக்கு, அவர் மனைவி சுகன்யாவின் தங்கைக்கு நெய்துகொண்டிருந்த கல்யாணப் புடவை தறியில் பாதியில் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

"எனுக்குத் தூக்கம் வராது. நாளைக்கு யாரும் என்னைப் பேஜார் பண்ணாதீங்க" என்றார் அருணகிரி.

"தூக்கம்தான் வராதே, சும்மா படுத்துகினு என்னா பண்ணப் போறீங்க? எங்கம்மாகூட திருவண்ணாமலை போயி மலையைச் சுத்திட்டு வாங்க" என்று சுகன்யா அவரை வேனில் ஏற்றிவிட்டாள்.

வேன் போளூர் தாண்டுவதற்குள் குறட்டை ஆரம்பித்தது. கலசப்பாக்கத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மாமியார் மலையைச் சுற்றி, இட்லி சாப்பிட்டு, வேனுக்குத் திரும்பியபோதும் அதே குறட்டை.

விடிந்து வீட்டில் இறங்கியவர் முகத்தைத் தொங்கப்போட்டார். "ராத்திரி பூரா கண்ணே மூடல."

"மூடலதான் மாப்ள" என்றார் மாமியார். "தொறந்தாதானே மூடுறதுக்கு!"

சுகன்யா சிரிக்கவில்லை. தறிக்கு மேலே லைட்டைப் போட்டாள்.

"நல்லா தூங்கியாச்சு இல்ல? ஜல்தியா உக்காருங்க."

அருணகிரி பழிபோட வானத்தைப் பார்த்தார். நிலா எப்போதோ போய்விட்டது. தறியில் உட்கார்ந்தார். புடவை வியாழக்கிழமையே நெய்து முடிந்து தறியைவிட்டு இறங்கிவிட்டது.